கட்சிப் பெயர்

என் தோழனுக்கு,

நம் கட்சியும் அரசும் காத்மாண்டுவில் கையெழுத்துப் போட்டுப் போரை முடித்து ஏழு மாதமாகிறது. எங்கள் துப்பாக்கிகளை இரும்புப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். முகாமில் இரண்டு வேளை பருப்பும் சோறும் கிடைக்கிறது. உன் தட்டையும் சேர்த்துத்தான் கழுவி வைக்கிறேன்.

சண்டை நிறுத்தத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ராஜாவின் சிப்பாய்கள் உன்னைப் பிடித்துப் போனார்களே, அப்படிப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியலை ரோல்பாவில் ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இன்று போனேன். புருஷனைத் தேடி வந்திருக்கிறேன் என்றதும் எழுத்தர் உன் பெயரைக் கேட்டார். "அவிரல்" என்றேன்.

"அது கட்சி வெச்ச பேரு. அப்பா அம்மா வெச்சது என்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"புருஷன் பேரச் சொல்ல மாட்டியா, தங்கச்சி? அந்த வழக்கத்தையெல்லாம் ஒழிக்கத்தானே காட்டுக்குப் போனீங்க!" என்று சிரித்தார். "சரி, வாயால சொல்ல வேணாம், எழுதிக் குடு" என்று ஒரு தாளை நீட்டினார்.

பிடிபட்டால் அடி தாங்காமல் சொல்லிவிடக் கூடாது என்றுதானே ஒருவர் ஊரையும் பேரையும் மற்றவர் கேட்காமல் இருந்தோம்? மாலை மாற்றிக்கொண்ட அன்றும் கட்சிப் பெயரில்தான் உறுதிமொழி எடுத்தோம். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

சுவரில் நூற்று எண்பது பெயர்கள். உன்னைக் கூப்பிடுவது போல ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பெயருக்கு அழுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

அவர் கொடுத்த தாளில்தான் இதை எழுதுகிறேன். மேலே எழுதத்தான் விலாசம் இல்லை.

இப்படிக்கு,
நீயும் பெயர் கேட்காத உன் மனைவி