வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் காபி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட எதுவும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலி முழுக்கத் துணி.

சர்ஜனைப் பார்த்தாயிற்று. பித்தப்பையில் கல். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி. இரண்டு முறை வலி வந்து சுருண்டு படுத்தாயிற்று, மூன்றாவது வரும்வரை காத்திருக்காதீர்கள் என்கிறார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, மறுநாள் வீடு. பஸ் ரூட் சொல்வதுபோல் சொல்லி முடித்துவிட்டார்.

ஓட்டைக்கெல்லாம் பயம் இல்லை. மயக்கத்துக்குத்தான் பயம். இங்கே மட்டும்தான் எழுத முடியும், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பஸ்ஸில்கூடத் தூங்காதவள் நான். இவர் சிலிண்டரை மூடிவிட்டு வந்த பிறகும் ஒரு தரம் எழுந்து போய்ப் பார்ப்பவள். என்னை முழுசாக ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துக்கொள்வாராம். எழுந்திருக்காமலே போய்விட்டால்? போனது எனக்கே தெரியாது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இவரிடம் பாதி சொன்னேன். "கைக்கு பயப்படற? ஒரு ஊசி, அவ்ளோதான்." ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர். ரிட்டயரான பிறகும் 'எதுக்கு' என்று கேட்க வாய் வரவில்லை, காலனி உருதுவில் 'கைக்கு'தான்.

ரசம் மட்டும் வைத்தேன். எண்ணெய் கூடாது.

ஜூலை 8, செவ்வாய்

ஃபேக்டரியில் லீவ் எழுதிக் கொடுத்தேன். முத்திரையை ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து. அது இல்லாத மேஜையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்து இதே வேலை. சால்டர் ஆகி வரும் சர்க்யூட் போர்டை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் இங்க் பேடில் ஒரு தட்டு, அட்டையில் ஒரு தட்டு. அந்த இரண்டு தட்டு விழாமல் போர்டு என் மேஜையைத் தாண்டாது. மாதக் கடைசியில் மேனேஜர் தலைமேல் நின்று கத்துவார், "மேடம், ஒரு சின்னப் புள்ளி, அதுக்கா?" அதுக்குத்தான். முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். எழுத மாட்டேன்.

பக்கத்து மேஜை யாதம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அத்தைக்கு மயக்கம் கொடுத்தாங்க அக்கா. முழிச்சதும் பேரன் பேர் மறந்துபோச்சு" என்றாள். தெலுங்கில் சொன்னாள். தெலுங்கில் இன்னும் பயமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "இல்ல அக்கா, அதுக்கு முன்னாடியும் மறப்பாங்க."

ஆறுதல் சொல்ல வந்தவள்தான், பாவம்.

ஜூலை 9, புதன்

வெயில். துணி காய்ந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே. கடைசியில் மயக்க டாக்டர். பெயர் ஷிரீஷா. என் மகள் தீபாவின் வயதுதான் இருக்கும். குதிரைவால், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. இந்தப் பெண்ணிடமா என் மூச்சைக் கொடுப்பது என்று இருந்தது.

ஆனால் கேள்வி மேல் கேள்வி. ஆடும் பல் உண்டா. மாடி ஏறினால் மூச்சு வாங்குமா. எந்த மருந்துக்காவது தடிப்பு வந்ததா. வீட்டில் யாருக்காவது மயக்கம் கொடுத்து ஏதாவது ஆனதா. வாயைத் திறங்கள், கழுத்தை நிமிர்த்துங்கள். குறட்டை உண்டா என்றதும் இவர் முந்திக்கொண்டு, "ஹவ், ஆமா டாக்டர், ரொம்ப!" பச்சைப் பொய். தூங்கவே தூங்காதவளுக்குக் குறட்டை எங்கிருந்து வரும்?

என் பங்குக்கு நானும் கேட்டேன். "ஊசி போட்டுட்டு நீங்க அடுத்த ரூமுக்குப் போயிடுவீங்களா?"

சிரிக்கவில்லை அவள். "போக மாட்டேன் அம்மா. நீங்க முழிக்கிற வரைக்கும் உங்க தலைமாட்டுலதான் இருப்பேன். மருந்தை ஒரே தடவையா கொடுத்துட மாட்டோம். மூச்சு, பிரஷர், நாடி எல்லாம் பாத்துக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா கொடுப்போம். நிறுத்தினா நீங்க முழிச்சுக்குவீங்க."

நல்ல பதில். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்கள் லைனில் "பாத்துட்டேன் மேடம்" என்று சொல்லாதவன் யார்? சொல்லை வைத்து எதையும் பாஸ் பண்ணியதில்லை நான்.

சொன்னவை: முதல் நாள் இரவு பத்துக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது. காலை ஆறு வரை தண்ணீர் மட்டும். நகை கூடாது. நகச்சாயம் கூடாது (நான் எப்போது போட்டேன்!).

ஜூலை 10, வியாழன்

பை கட்டியாயிற்று. நைட்டி 2, துண்டு 2, முன்பக்கம் திறக்கும் சட்டை, பல்பொடி, விபூதி, பழைய ஸ்கேன், சார்ஜர். இவருக்குத் தனியாகச் சொல்லி வைத்தது: மோட்டார் ஸ்விட்ச், பால்காரர், துளசிக்குத் தண்ணீர். நான் வராமல் போனால் என்ன என்ற யோசனையில் பீரோ சாவி இருக்கும் இடத்தையும் சொல்லப் போனேன். "எனக்குத் தெரியும். அழுத்தித் தேச்சா துணி கிழிஞ்சிடும், அந்த பயத்தையே போட்டுத் தேய்க்காத" என்றார். எப்போதாவதுதான் இப்படிப் பேசுவார்.

மெட்டி கழலவில்லை. தேங்காயெண்ணெய், சோப்பு, மறுபடி எண்ணெய். கடைசியில் வந்தது, விரலில் வெள்ளையாகத் தடம். தாலியை என்ன செய்வது என்று பார்த்தேன். இவர் கை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பூட்டுற இடம் இதுதான்" என்று பையைத் தட்டிக் காட்டினார். அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

தீபா கச்சிபவுலியிலிருந்து சாயங்காலம் வந்துவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பாதி இங்கிலீஷில் பதில் சொல்வாள், அப்படியே பழகிவிட்டது. "ரொட்டீன் சர்ஜரி அம்மா, நீ கூகுள் பண்ணாத, ப்ளீஸ்." பண்ணியாயிற்று. மத்தியானமே பண்ணியாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

வீட்டில்தான் இருக்கிறேன். ஆபரேஷன் நடக்கவில்லை. பித்தப்பையும் கல்லும் பத்திரமாக உள்ளே.

நடந்தது இது. ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு வந்தேன். இவர் காபியோடு நிற்கிறார். இவருக்குத் தெரிந்த ஒரே சமையல் ஃபில்டர் காபி, அது மட்டும் அமிர்தம். "வெறும் வயித்தோட போகாத, இதையாவது குடி." குடித்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்றுதானே சொன்னார்கள்? சாப்பாடுதானே கூடாது? கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருப்பவள் நான். சோறு தொட மாட்டேன், இட்லி தொட மாட்டேன், காபி மட்டும் இரண்டு வேளை உண்டு. அம்மா வீட்டிலும் அப்படித்தான், மாமியார் வீட்டிலும் அப்படித்தான். காபி குடித்தால் விரதம் கெட்டுப்போகும் என்று யாரும் சொன்னதே இல்லை. எங்களுக்குக் காபி குடித்த பிறகும் வெறும் வயிறுதான்.

பச்சை கவுன் மாட்டி, தலையில் தொப்பி மாட்டி, தள்ளுவண்டியில் படுத்தாயிற்று. ஷிரீஷா வந்தாள். "காலையில என்ன எடுத்துக்கிட்டீங்க அம்மா?"

"ஒண்ணுமில்ல. காபி மட்டும்."

பேனா நின்றது. "பால் போட்டா? எத்தனை மணிக்கு?"

சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்குப் பண்ண முடியாது அம்மா."

சர்ஜன் வந்தார். மணி பார்த்தார். அடுத்தடுத்துக் கேஸ், இடையில் இடமே இல்லை. "ஒரு டம்ளர் காபிதானே டாக்டர்?" அவருக்கு அவளைப்போல் இரண்டு மடங்கு வயது. அவள் குரலை உயர்த்தவில்லை. "பால் தண்ணி மாதிரி இல்ல சார், வயித்துல தங்கும். அவசர கேஸா இருந்தா எடுக்கலாம். இது அவசரம் இல்ல. நான் கொடுக்க மாட்டேன்." அவர் வேகமாகப் போய்விட்டார். கதவு ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். மயக்கத்தில் தொண்டையின் காவலும் தூங்கிவிடுமாம். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குப் போகுமாம். அடுத்த புதன்கிழமை தேதி. "தண்ணின்னா தண்ணி மட்டும்தான் அம்மா. காபி, டீ, மோர் எதுவும் வேண்டாம்."

வழி முழுக்க அழுதேன். வெட்கத்தில் பாதி, கோபத்தில் பாதி. இவ்வளவு பயத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய், திரும்பக் கொண்டு வந்திருக்கிறேன். இனிப் புதன்வரை மறுபடியும் முதலிலிருந்து.

ஜூலை 12, சனி

இவரோடு பேச்சு இல்லை. "நீங்கதானே நீட்டுனீங்க" என்று நேற்று கத்திவிட்டேன். டம்ளரை நீட்டினவர் மேல் பாதித் தப்பு, வாங்கினவள் மேல் மீதி. தெரியும். ஆனாலும் பேசவில்லை.

தீபா இருவருக்கும் நடுவில். "நாணா சாப்பிடலயாம். அம்மா, போதும்." அப்பாவை நாணா என்பது சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றது.

கஞ்சி. மறுபடி தூறல்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து தெருவில் மேளம். போனாலு, இங்கே அம்மனுக்குப் பானையில் சோறு படைக்கிற திருவிழா. தலையில் பானையும் வேப்பிலையுமாகப் பெண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பால்கனியில் நின்று பார்த்தேன். யாதம்மாவும் மஞ்சள் புடவையில், மேலே பார்த்து, "அக்கா! உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்!"

நின்றுகொண்டே இருந்தபோதுதான் அது வந்தது. வெள்ளிக்கிழமை அந்தத் தள்ளுவண்டிக்கு மேல் நடந்ததை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அவசரத்தில் நிற்கும் பெரிய மனிதர். "ஒரு சின்ன விஷயம், அதுக்கா?" இன்னொரு பக்கம், அதுக்குத்தான் என்று அசையாமல் நிற்பவள். மாதக் கடைசியில் எங்கள் மேஜை. அன்றைக்கு நான் நிற்கிற இடத்தில் அவள் நின்றாள். ரிஜெக்ட் ஆன போர்டு நான்.

சிரிப்பு வந்தது, தனியாக. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஒரு டம்ளர் காபிக்கு சர்ஜனையே திருப்பி அனுப்பியவள், என் மூச்சில் ஒரு புள்ளி தப்பினாலும் விட மாட்டாள். தலைமாட்டில் இருப்பேன் என்றாளே, இருப்பாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே பார்த்தேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். குறைந்திருக்கிறது, நிஜமாகவே.

உள்ளே போய் இவரிடம், "காபி போடுங்க" என்றேன். டபராவை எடுத்தவர் மறுபடி கீழே வைத்துவிட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "புதன்கிழமை மட்டும் வேண்டாம்" என்றேன். "நக்கோ, நக்கோ, சத்தியமா வேண்டாம்" என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

ஜூலை 15, செவ்வாய்

பை அவிழ்க்கவே இல்லை, அப்படியே இருக்கிறது. மெட்டி இந்த முறை உடனே வந்துவிட்டது, எண்ணெயே வேண்டியிருக்கவில்லை. தாலி மறுபடி சட்டைப் பையில்.

ஷிரீஷா ஃபோன் செய்தாள், அவளாகவே. இருமல், காய்ச்சல் ஏதாவது உண்டா. பிறகு, "நாளைக்குக் காலையில என்ன குடிப்பீங்க?" பரீட்சை மாதிரி. "தண்ணி. ஆறு மணி வரைக்கும்." "சூப்பர் அம்மா."

நானும் ஒன்று கேட்டேன். சர்ஜன் கோபமாக இருக்கிறாரா? "அதெல்லாம் தினம் உண்டு" என்றாள். எனக்கா தெரியாது.

காபி ஃபில்டரைக் காணோம். கேட்டால், பரண்மேல் ஏற்றிவிட்டாராம். பவுடர் டப்பா பக்கத்து வீட்டில். நாளைக்கு அவரும் குடிக்கப் போவதில்லையாம். முட்டி வலியோடு ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார் மனிதர்.

ஜூலை 16, புதன், காலை

தண்ணீர் மட்டும். மழை இல்லை. ஆட்டோ வந்துவிட்டது.

சிலிண்டர் மூடியிருக்கிறது என்றார் இவர். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

வீடு. தலையணை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து எழுதுகிறேன். தோள்பட்டையில் வலி, வயிற்றில் ஊதிய காற்றாம், போய்விடும். சிரித்தால் வயிறு இழுக்கிறது. இருமக்கூடாது. தீபா ஜோக் சொல்லக்கூடாது.

மயக்கம் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. முகத்தில் மாஸ்க் வைத்தாள். தலைகீழாக அவள் முகம் தெரிந்தது. "ஏதாவது நல்லதா நினைச்சுக்கோங்க அம்மா." எதை நினைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குள் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், முடிந்துவிட்டதாம். அதே முகம், அதே இடத்தில், தலைகீழாக.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. தீபாதான் சொன்னாள், ஷிரீஷாவே வெளியே வந்து அவளிடம் கேட்டாளாம். கண்ணைப் பாதி திறந்து ஷிரீஷாவின் முகத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேனாம், ஒரு கண்ணைச் சுருக்கி. வலது கையை முஷ்டியாகப் பிடித்துத் தலையணையில் ஒரு தட்டு. பிறகு அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு. உடனே தூங்கிவிட்டேனாம்.

"வலிக்குதுன்னு சொல்றாங்களோன்னு டாக்டர் டென்ஷன் ஆயிட்டாங்க. என்னம்மா அது?"

தீபாவுக்கு எப்படித் தெரியும், ஃபேக்டரிக்குள் வந்தே பார்த்ததில்லை. இவருக்கும் தெரியாது. யாதம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"ஒண்ணுமில்ல, பாஸ் போட்டேன்" என்றேன். சிரித்துவிட்டேன், தையல் இழுத்தது.

இவர் ஃபில்டரை இறக்கப் பரண்மேல் ஏறுகிறார். ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லித் தீபாவைக் கூப்பிட வேண்டும்.