குஞ்சம் வைத்த ஐந்து சட்டைகள்

26.11.73, திங்கள்

காலையிலிருந்து மழை. கடம்பத்தூர் ஸ்டேஷன் ரோடு முழுக்கச் சேறு. துவைத்தது எதுவும் காயவில்லை. தையல் மெஷின் பெல்ட் ஈரத்தில் வழுக்குகிறது. சாக்பீஸ் தேய்த்து ஓட்டினேன்.

பாக்கி வேலை: போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்துக்கு ஜாக்கெட். மகள் லீலாவுக்குக் கிறிஸ்துமஸ் கவுன் (இன்னும் வெட்டக்கூட இல்லை). அப்புறம் என் வீட்டுக்காரருடைய மியூசிக் பேண்டுக்கு ஐந்து சட்டை. சனிக்கிழமை கச்சேரி. அதற்குள் ஐந்தும் முடியவேண்டும்.

பேண்டு என்றால் பெரம்பூர் சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், நாலு பேர், கூட இவர். வாரத்தில் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், லீவு நாளில் கிட்டார். அவர்கள் வீட்டில் பேசுவதே இங்கிலீஷ்தான். இவருக்குக் காதால் கேட்ட இங்கிலீஷ். ஸ்பெல்லிங் வராது. ரேடியோவில் வருகிற பாட்டை நான்தான் கேட்டுக் கேட்டு எழுதித் தருவேன். மிஷன் ஸ்கூல் எட்டாம் கிளாஸ் அதற்காவது உதவுகிறது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்து துணியைப் புரட்டிப் பார்த்தாள். "சட்டக்காரங்களுக்கே சட்ட தெக்கிறியா எஸ்தரு? இன்னா பாட்டு பாடுவாங்கோ?"

கன்ட்ரி மியூசிக், அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் பாட்டு என்றேன்.

"மாடு மேய்க்கிறவனுக்கா இம்மாம் சோக்கு?"

நியாயமான கேள்வி. என் மாமனார் ஆயுசு முழுக்க ரெட்டியார் வீட்டு மாடு மேய்த்தவர். பாடவும் பாடுவார். மேல்சட்டையே கிடையாது.

28.11, புதன்

மழை விட்டது. திருவள்ளூர் பஜாருக்கு பஸ். இவர் கொடுத்த இங்கிலீஷ் பத்திரிகைப் படத்தில் வெள்ளைக்காரன் சட்டையில் மார்பு, முழங்கை, முதுகு எல்லாம் தோல் குஞ்சம் தொங்குகிறது. பஜாரில் தோல் குஞ்சத்துக்கு எங்கே போவது. கடைக்காரர் தேர்க் குஞ்சம் காட்டினார், கல்யாணக் கார் குஞ்சம் காட்டினார். கடைசியில் ஜன்னல் திரைக்கு வைக்கிறது கிடைத்தது. பழுப்பு நிறம். பொருந்தும். இதைப் போட்டுக்கொண்டு போனால் மாடு மிரண்டு ஓடும், அது வேறு விஷயம்.

ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன், என்னையும் கூட்டிப் போங்கள் என்று.

"கும்மிடிப்பூண்டி பக்கம் புது பாக்டரி தொறக்கறாங்கோ எஸ்தரு. வெள்ளக்கார இன்ஜினியருங்கோ வருவாங்கோ. கவுன் போட்டுகினு வர்ற எடம். நீ பொடவ கட்டிகினு வந்து இன்னா பண்ணுவே?"

"பாட்டு கேப்பேன்."

"அதான் ஊட்லயே வாசிக்கிறேனே."

"செரி, பாட்டு வாணாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேண்டுகாரங்கள பாத்துட்டு வந்துர்றேன். இத்தினி நாளா அவங்களுக்குத் தெச்சிகினு கீறேன், ஒரு மொகம் பாத்ததில்ல."

"பாக்கலாம்."

'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். இவ்வளவு நாள் குடித்தனத்தில் அதுகூடத் தெரியாதா எனக்கு.

அளவை வைத்து ஆளைத் தெரியும் எனக்கு. பாடுகிற ரோனிக்குத் தொந்தி. டிரம் அடிக்கிறவருக்கு ஒரு தோள் இறக்கம். மாண்டலின் பையன் ஒல்லி. முகம்தான் இல்லை. எல்லோரும் கழுத்துக்குக் கீழேதான் பழக்கம்.

30.11, வெள்ளி

முதுகு வலி. ஐந்தும் முடித்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாயிற்று. பெட்டியில் வைத்துக்கொண்டு முதல் வண்டிக்குப் போய்விட்டார். இன்று ராத்திரி பெரம்பூரில் பிராக்டிஸ், அங்கேயே படுக்கை.

சாயந்திரம் வீடு பெருக்கும்போது பார்க்கிறேன், ஆணியில் ஒரு சட்டை. ரோனியுடையது. தொந்தி சட்டை. காஜா சரிபார்க்க மாட்டியது நான்தான், பெட்டியில் வைக்க மறந்தது அவர்தான்.

ஐயோ என்று வாய் சொன்னது. உள்ளே சந்தோஷம். பாடுகிறவன் சட்டையில்லாமல் எப்படிப் பாடுவான். யாராவது கொண்டுபோய்த்தானே ஆகவேண்டும்.

1.12, சனி, காலை

நீல வாயில் புடவை. லீலா கன்னியம்மாவிடம். பேண்டுகாரர்களுக்கு ஒரு டப்பா முறுக்கு, வெறுங்கையோடு போகக்கூடாது. பேஸின் பிரிட்ஜில் வண்டி மாறவேண்டும். வெயில் அடிக்கிறது. நல்ல நாள்.

2.12, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். லீலா தூங்குகிறாள். யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி வழி கேட்டுக்கேட்டுப் போனேன். பாக்டரி முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. வாசல் வாட்ச்மேன் கையிலிருந்த பையைப் பார்த்தார், "பின்னாடி கேட்டால போம்மா" என்றார். போனேன். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

ஹாலுக்குப் பின்னால் ஒரு ரூம். ஐந்து பேரும் இருந்தார்கள். தொந்தி ரோனி. தோள் இறங்கின டிரம்காரர். ஒல்லிப் பையன். எல்லோரையும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது எனக்கு. இவர் தொப்பி போட்டுக்கொண்டு கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

ரோனி சட்டையைப் பார்த்துத் துள்ளினார். இங்கிலீஷில் கேட்டார், "ஜெரி, யார் இந்தப் பொம்பளை?"

ஜெரி யார் என்று நான் சுற்றிப் பார்க்கிறேன். பதில் சொன்னது என் வீட்டுக்காரர்.

"டெய்லர். எங்கள் பக்கத்தில் இருக்கிறவள்."

இங்கிலீஷில்தான் சொன்னார். எனக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"டெய்லர் அம்மா, சட்டை இங்கே வெச்சிட்டு நீ போறான், சரியா?"

செஞ்சி பானம்பாக்கம் காலனியில் பிறந்து வளர்ந்த வாய். பெண்டாட்டியிடம் துரை மாதிரித் தமிழை உடைத்துப் பேசுகிறது. பக்கத்து டெய்லர் என்றதைக்கூட மன்னித்துவிடுவேனோ என்னவோ. அந்த 'போறான்' காதைவிட்டுப் போகவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'நான் இவர் சம்சாரம்.' வாய்வரைக்கும் வந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன். கெஞ்சுகிற கண். சட்டையை மேஜையில் வைத்தேன். கோபம் அப்போது வரவில்லை, இப்போதுதான் வருகிறது, வண்டி வண்டியாக.

முறுக்கு டப்பாவை ஒல்லிப் பையன் திறந்து எல்லோருக்கும் நீட்டினான். இவரும் ஒன்று எடுத்தார். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாட் இஸ் திஸ்?" என்றார். முறுக்கை! வாரத்துக்கு ஒரு டப்பா தீர்க்கிற மனுஷன்.

ரோனியின் மனைவி டோரின் நல்லவள். குறை சொல்லமாட்டேன். தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "நீ ரொம்ப நல்லா தைக்குது, மா. பாட்டு கேட்டுட்டு போ" என்று சமையல் ரூம் வாசலில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னாள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றாள். அவளாகவே பேசினாள்.

"ஜெரி பாவம், மா. அம்மா அப்பா ரெண்டு பேரும் செத்து போச்சு. சிஸ்டர் மட்டும் ஆஸ்ட்ரேலியாவில். கல்யாணம் பண்ணிக்கோ மேன் சொன்னா, சிரிக்கிறான்."

என் மாமியார் போன வாரம்தான் செஞ்சி பானம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, மகன் இளைத்துவிட்டான் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். இவருக்குச் சிஸ்டரே கிடையாது.

டோரினுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு கவுன் தைக்கவேண்டுமாம். பிள்ளை உண்டா என்று கேட்டாள், ஒரு பெண் என்றேன். அட்ரஸ் கேட்டாள். நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கடம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், சர்ச் தெரு, எஸ்தர் டெய்லர் என்று கேளுங்கள். "நெக்ஸ்ட் சாட்டர்டே வர்றேன்" என்றாள்.

கச்சேரி கேட்டேன். நன்றாக வாசிக்கிறார், அதுதான் கொடுமை. வெள்ளைக்காரர்கள் தாளம் தட்டினார்கள். என் குஞ்சமெல்லாம் விளக்கில் அழகாக ஆடிற்று. ஒரு பாட்டு இவர் தனியாகப் பாடினார். தூர தேசத்தில் வேலை பார்க்கிறவன், வீட்டில் விளக்கேற்றிக் காத்திருக்கிற மனைவியைத் தேடி ரயில் ஏறுகிற பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "உருக்கறான்யா இந்த ஆளு" என்றார். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டின் வரிகளை எழுதிக் கொடுத்தவள் அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

முடியும்வரை உட்காரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

3.12, திங்கள்

தூறல். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் ஜாக்கெட் கை பிடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார் ஞானமணி. இவர் பெயரை எழுதிவிட்டேன். கை கூசவில்லை. இனி இப்படித்தான்.

கையில் கேக். லீலா தின்றாள். நான் தொடவில்லை.

"கோவமா கீறியா?"

லீலாவின் கையைத் துடைத்துவிட்டேன்.

"ஒர்க்ஷாப்ல ரோனி மொதோ தபா பாத்தப்பவே, நீ ஆங்கிலோவா மேன்னு கேட்டான். நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அதுவா வளந்துடிச்சு எஸ்தரு. காலனி ஆளுன்னு தெரிஞ்சா கிளப்பு கேட்டுக்குள்ளயே உட மாட்டாங்கோ. கிட்டார தொட முடியுமா நானு?"

அது பொய்யில்லை. நானும் அந்தப் பின்கேட்டில் போனவள்தான். அதற்காக அழுதிருப்பேன், இவருக்காகவும் சேர்த்து. முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தால், நானே ஒரு கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு இவரோடு வேஷம் கட்டியிருப்பேன். அதைச் சொன்னேன்.

என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "நீ எப்டி எஸ்தரு..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. இவர் சிவப்பு. நான் கறுப்பு. முடிக்கத் தேவையில்லை.

5.12, புதன்

ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. லீலாவுக்குச் சளி.

டோரின் வரப்போகிற விஷயத்தை இன்றைக்குத்தான் சொன்னேன். சாப்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

"அட்ரஸ் யாரு குடுக்கச் சொன்னா? பேஜாரு பண்றியே. அன்னிக்கு ஊட்ட பூட்டிகினு உங்கம்மா ஊட்டாண்ட போயிடு."

"ஆர்டர் வந்துகீது. தெக்கிற கையி, வாணாம்னா சொல்லும்?"

"என் பொழப்புல மண்ணப் போடறதுன்னே நிக்கிறே."

நான் அவரைக் காட்டிக் கொடுத்துவிடுவேன் என்று பயம். பயப்படட்டும். நிஜமாகவே என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. 'நான்தான் மா ஜெரியோட பொண்டாட்டி' என்று துணி அலசும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

7.12, வெள்ளி

ஞானமணி இன்று செய்தது: கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஷேவிங் செட், லுங்கி, செருப்பு எல்லாம் பின்னால் போயின. கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறிக் கல்யாணப் படத்தைக் கழற்றி, டிரங்குப் பெட்டியில், என் புடவைக்கு அடியில் வைத்தார்.

லீலா கேட்டாள். "நைனா, அம்மாவ ஏன் கழட்டிட்ட?"

"தூசிம்மா" என்றார்.

சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. நான் அழுதேன். மறைக்கவில்லை. பார்த்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டார்.

8.12, சனி

வெயில். லீலாவைக் கன்னியம்மா வீட்டில் விட்டேன். ஞானமணி டோரின் வருவதற்குள் வெளியே போய்விடுவதாகப் பேச்சு. பின்னால் ஓலைத்தட்டி மறைவில் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குரல். "எஸ்தர் டெய்லர்?"

முந்தின வண்டிக்கே வந்துவிட்டாள். பூப்போட்ட துணி, கேக் ஒரு துண்டு, லீலாவுக்கு ஒரு பழைய பொம்மை. நான் பின்கதவைச் சாத்தவில்லை. திறந்தே இருந்தது.

அளவு எடுத்தேன். பெரிய உடம்பு, நிற்கத் தெரிந்த உடம்பு. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மெஷின், தண்ணீர்ப் பானை, சுவர்.

"ஹஸ்பெண்ட் இன்னா வேலை, மா?"

தோளில் டேப்பை வைத்திருந்தேன். ஒத்திகை பார்த்த வார்த்தை வாயில் தயாராக இருந்தது. சொன்னால் இவர் பிழைப்பு போகும், எனக்கு ஜெரி பெண்டாட்டி என்கிற பெயர் வரும். அந்தப் பெயர் எனக்கு வேண்டுமா என்று முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டேன்.

"இல்ல மா."

"ஓ. செத்து போயிட்டானா?"

"ஆமா மா."

"எப்போ?"

"போன சனிக்கெழம."

டோரின் திரும்பி என்னைப் பார்த்தாள். "போன சாட்டர்டே நீ எங்களோட இருந்தியே, மா. கும்மிடிப்பூண்டியில்."

"ஆமா மா. அங்கதான்."

பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் நின்றுவிட்டது. கழுத்து வட்டமா, சதுரமா என்று கேட்டேன்.