பதினோராம் இலக்கச் சட்டை

ஸ்காபரோ, கனடா
2.10.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின்ர முழங்கால் நோவு குறைஞ்சதோ? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுறியளோ? நான் சுகமாய் இருக்கிறன்.

இதோடை வாற படத்தைப் பாத்திட்டு, மகள் கம்பஸ் ரீமிலை விளையாடுறாள் எண்டு ஊருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இஞ்சை விளையாட்டுத்தான் பெரிசு. கூடைப்பந்து ரீமிலை ஒரு ஜமேக்காப் பிள்ளையைத் தவிர எல்லாரும் வெள்ளைப் பிள்ளையள், சொந்தக் காரிலை வந்து இறங்கிறவை. கம்பஸுக்குப் புதுப் பிள்ளையளைச் சேர்க்க அச்சடிக்கிற புத்தகத்துக்கு வேறை நிறத்து ஆக்களும் வேணுமாம். வகுப்பு முடிஞ்சு கம்பஸ் கன்ரீனிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்ட என்னைக் கூப்பிட்டு, பதினோராம் இலக்கச் சட்டையைப் போடச் சொல்லி, பந்தையும் தந்து நடுவிலை நிப்பாட்டிவிட்டினம். படம் எடுத்து முடியச் சட்டையைத் திருப்பி வாங்கிப்போட்டினம்.

நான் அவையைப் பழக்கிற கோச்சிட்டை, ரீமுக்கு ஆள் எடுக்கிறது எப்ப எண்டு கேட்டன். அவ சிரிச்சா. நான் சிரிக்கேல்லை. இருபதாம் திகதி எண்டா. பேர் குடுத்திட்டன்.

விடிய மோர்னிங்சைட் பார்க்கிலை எறிஞ்சு பழகுறன். பந்தை எடுத்துத்தர ஆளில்லை. நானே ஓடி ஓடி எடுக்கிறதிலை காலும் உறுதியாகுது.

அலுமாரியிலை கிடக்கிற என்ர வலைப்பந்துச் சேட்டிபிக்கற்றை அனுப்புங்கோ. அம்மாவையும் தன்ர கையாலை ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கோ.

பஸ் வருது. இந்தப் படத்தைச் சுவரிலை கொழுவாதேங்கோ அப்பா. ஆணியை மட்டும் அடிச்சு வையுங்கோ.

உங்கட மகள்
நிரூபா