நக்கோன் சவானுக்கு யாரோடு போனீர்கள்?

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று நீங்கள் நம் மகள் கெய்ட்லினுக்குப் போனில் பாடம் சொன்னபோது அவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வடக்கு மலைகளிலிருந்து வரும் பிங், நான் என்ற இரண்டு ஆறுகள் நக்கோன் சவானில் கூடிச் சாவ் பிரயாவாகி, பாங்காக்கைக் கடந்து தாய்லாந்து வளைகுடாவில் கலக்கின்றன என்றீர்கள்.

"நான்னு ஒரு ஆறாப்பா?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"சேருற எடத்துல ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் பச்சை. படகுல போயி பார்த்தோம்," என்றீர்கள்.

பார்த்தோம்.

"யாரோடப்பா?" என்று கேட்டது அவள்தான், நானில்லை.

"ஆபீஸ்ல ஒருத்தங்க லா."

ஒருத்தங்க என்றால் ஆணா பெண்ணா என்று கேட்க அவளுக்குத் தெரியவில்லை. வளைகுடா முகத்துவாரத்தில் தூர்வாரும் வேலைக்காகத் தாய்லாந்து போனவருக்கு, ஆற்றின் மேலே அவ்வளவு தூரத்தில் என்ன வேலை?

இங்கே மலேசியாவில், கோல சிலாங்கூரில் நம் வீட்டு வாசலிலிருந்தே ஆறு தெரியும். மின்மினி பார்க்க ஊர் உலகமே வந்து படகேறுகிறது. என்னையும் கூட்டிப்போங்கள் என்றால், "சேத்துத் தண்ணில என்னா இருக்கு?" என்பீர்கள்.

இன்று காலை மகளோடு நானே படகேறினேன். ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம்வரை போனோம். அழகாகத்தான் இருந்திருக்கும். அழுகையில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பள்ளி விடுமுறை வருகிறது. வெள்ளிக்கிழமை நாங்கள் பாங்காக் வருகிறோம். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

விமான நிலையத்துக்கு நீங்கள் மட்டும் வாருங்கள்.

இன்னும்
உங்கள் மனைவி