நான்காவது மாடியில் நடந்தது

என்னவளுக்கு,

தலையில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள் என்று உன் அண்ணன் சொன்னார். வலி குறைந்திருக்கிறதா?

வாரம் ஒருநாள் வகுப்பு போதாது, ஜோடி நடனத்துக்குத் தினமும் பயிற்சி வேண்டும் என்று நச்சரித்தவன் நான்தான். நம் ஹாலில் நான்கு எட்டு வைத்தால் சோபா இடிக்கும். கீழ்வீட்டுக்காரர் வேறு சண்டைக்கு வந்தார். அதனால்தான் ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் அந்தக் கார் நிறுத்துமிடத்தின் நான்காவது மாடியைப் பிடித்தேன்.

அன்று மூன்று பேர் வந்தார்கள். "எங்ககூடவும் ஒரு ஆட்டம் போடும்மா" என்று ஒருவன் உன் இடுப்பில் கை வைத்தான். நீ ஓங்கி அறைந்தாய். அவன் உன் முடியைப் பிடித்து, தலையைத் தூணில் இரண்டு முறை மோதினான்.

ஆள் கூப்பிடத்தான் ஓடினேன் என்று உன் அண்ணனிடம் சொன்னது பொய். படிக்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என்னைக் கூப்பிட்டது கேட்டது.

நேற்று காவல் நிலையத்தில் அவனை அடையாளம் காட்டினேன். "அட, ஓடிப்போனவன்தானே நீ?" என்று சிரித்தான். பாய்ந்து அவன் மூக்கை உடைத்தேன். கீழே விழுந்த பிறகும் முகத்தில் மிதித்தேன். மூன்று போலீஸ்காரர்கள் சேர்ந்து என்னை இழுத்தார்கள்.

"சம்சாரத்துக்காக அடிச்சீங்க, புரியுது சார்" என்றார் ஏட்டு.

இல்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்ததற்காகத்தான் அடித்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் அதை வேறொருவர் வாயால் நீ கேட்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்