ஒன்பது முடிச்சிட்ட கயிறு

மங்கலம் நிலைபெறுக. மழை தன் பருவத்தில் பெய்க. வெயில் தன் அளவில் காய்க. கடல் தன் எல்லையில் நிற்க.

குமிழியாறு பாயும் மூவெளி நாடு முழுவதையும் தம் குடைக்கீழ்க் காத்து, அலைவாய்க்கோட்டையில் வீற்றிருந்து செங்கோல் செலுத்தும், பெருமழைக் கோமானின் மூத்த மகளாகிய அரசி கொற்றவல்லியார், மேல்மலைக்குத் தலைவரும், மேலேரியின் ஐந்து மதகுகளுக்குக் காவலரும், நம் தாய்வயிற்றில் நமக்குப் பின் பிறந்தவருமாகிய அரையர் குன்றேந்திக்கு விடுக்கும் திருமுகம்.

உம் மலைக்கு நலம். உம் தினைப்புனங்களுக்கும் தேனடைகளுக்கும் நலம். புதுமணம் கண்ட உம் மகள் செங்கழுநீருக்கு நீண்ட வாழ்வு. அடுத்து உமக்கும் நலம் கூறுவதே முறை. ஓலைநாயகம் எழுத்தாணியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார். அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடச் சொன்னோம்.

இவ்வாண்டு வானம் நடந்துகொண்ட விதத்தை நீர் அறிவீர். ஆயினும் இவ்வோலை மலை, நடுவெளி, கடல்வெளி என்னும் மூன்று வெளியின் மன்றங்களிலும் உரக்கப் படிக்கப்படும் ஆதலால், யாவரும் அறிய முதலிலிருந்தே சொல்கிறோம். மாசியில் நம் கடல்வெளியில் பத்தொன்பது நாள் பனி மூடிற்று. நெய்தல் மக்கள் தம் கையைத் தாமே காணாமல், படகுகள் கரை தெரியாது அலைய, பெண்கள் பகலெல்லாம் பறை முழக்கி அவற்றை வீடு சேர்த்தார்கள். வைகாசியில் நடுவெளியின் கல்தொட்டியில் நிரப்பிய நீர் ஏழு நாளில் ஏழு விரல் வற்றிற்று. முன்னோர் வற்றலுக்கென்று வெட்டிய கோடுகளில் நான்கு விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. காக்கைகள் வீட்டுக்குள் வந்து தண்ணீர்ப் பானையடியில் உட்கார்ந்துகொண்டனவென்றும், அவற்றை விரட்ட எவருக்கும் மனம் வரவில்லையென்றும் நடுவெளித் தலைவர் எழுதினார். ஆனியில் உம் மலையில் நுங்களவு ஆலங்கட்டி விழுந்து ஆடுகள் மாண்டன. ஒரே ஆண்டில் மூன்று வெளியிலும் பழைய கோடுகள் தோற்றன.

இவற்றுள் எதையும் நாம் கண்ணால் பார்க்கவில்லை. பனி ஒன்றே நம் சாளரத்தருகே வந்தது. மற்றவை கயிற்றிலும் ஓலையிலும் வந்தவை. ஆயினும் நம்பினோம். ஏழு தலைமுறையாக இந்நாட்டில் கயிறு பொய் சொன்னதில்லை.

அந்தக் கயிறு எப்படிப்பட்டதென்பதையும் பிள்ளைகள் கேட்கட்டும். ஒவ்வொரு வெளியிலும் திறந்த வானத்தின் கீழ் ஒரு கல்தொட்டி உண்டு. அதன் உட்புறம் கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். அடைமழை பெய்யும்போது நீர் ஒரு கோடு ஏறினால், மழையளப்பான் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவான். அக்கயிறு ஓடித் தூது செல்லும் ஓட்டர் கைமாறி ஒரு பகலில் மலையிலிருந்து கடல்வரை வந்துவிடும். ஒன்பது முடிச்சு வந்தால் அச்சமின்றி நடவு நடலாம். பன்னிரண்டு வந்தால் மாடுகளை மேடேற்ற வேண்டும். மேலேரியின் மதகு ஒன்று திறக்கப்பட வேண்டும். பதினெட்டு வந்தால் மக்கள் யாவரும் கோயில்மேட்டுக்கு ஏற வேண்டும். ஐந்து மதகுகளையும் சிறுகச் சிறுகத் திறந்து, பல நாளில் ஏரியை வடிக்க வேண்டும். அப்படித் திறந்தால் மதகுக்குக் கீழே உள்ள உம் புல்வெளி மட்டும் மூழ்கும். ஆற்றங்கரை முழுதும் பிழைக்கும்.

பதினெட்டாம் கோடு நம் தந்தையார் காலத்தது. அவ்வாண்டு அவர் புல்வெளியில் இருந்த தம் யானைக்கூடமும் பூந்தோட்டமும் மூழ்கட்டுமென்று விட்டார். நீரும் நானும் ஏரிக்கரைமேல் நின்று பார்த்தோம். நீர் தேம்பித் தேம்பி அழுதீர், உம் ஊஞ்சல் போகிறதென்று. நான்தான் உம்மை இடுப்பில் வைத்திருந்தேன்.

இப்போது ஐப்பசிக்கு வருவோம். எட்டாம் நாள் உம் மலை கறுத்தது. இங்கிருந்து பார்த்தாலே தெரியும் கறுப்பு. பத்தாம் நாள் முற்பகலில், ஆற்றின் கடைசி மதகுக்குக் கீழே உள்ள தாழ்மதகூர் மக்கள் மாடும் மூட்டையுமாக மேடேறப் புறப்பட்டுவிட்டார்கள். நடவுப் பெண்களின் தலைவி நல்லங்கை என்பவள் நம்மிடம் வந்து, மலையின் முகமே சரியில்லையென்றும், கயிறு வரும்வரை காத்திருக்கத் தங்களுக்குத் துணிவில்லையென்றும் விண்ணப்பித்தாள். அந்நேரத்தில் உம் ஓட்டர் வந்தார். கயிற்றைக் கையில் வாங்கி எண்ணினோம். ஒன்பது. இருமுறை எண்ணினோம். ஒன்பதேதான். நல்லங்கையின் கையிலும் கொடுத்து எண்ணச் சொன்னோம். பிறகு நம் வாயாலேயே, கயிறு ஒன்பது சொல்கிறது, திரும்பிப் போய் நடவைத் தொடருங்கள் என்று ஆணையிட்டோம். அவர்கள் திரும்பிப் போனார்கள். மாடுகள்கூட வர மறுத்தன, இழுத்துக்கொண்டு போனார்கள்.

பதினோராம் நாள், வெயில் சாயும் முன், பெண்கள் வயலில் குனிந்திருந்தபோது ஆறு வந்தது. அதை வெள்ளம் என்று சொல்ல நா எழவில்லை. மேலேரி முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து நடந்து வந்தது. முப்பத்தொரு வீடுகளில் ஆள் குறைந்தது. நல்லங்கைக்கு இரு மருமகள்களும் ஒரு தங்கையும் இல்லாமற்போனார்கள். சேறு படிந்த கோலத்தில் அவள் மூன்றாம் நாள் நம் முன் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: கயிற்றில் ஒன்பதுதானே இருந்தது, தாயே, மற்ற தண்ணீர் எங்கிருந்து வந்தது? வசைபாடியிருந்தால் தாங்கியிருப்போம். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதே நாளில்தான் உம் மகளின் மணத்து மங்கலப் பொருள்கள் வந்து சேர்ந்தன. வெற்றிலை, தேனில் ஊறிய பலாச்சுளை, அத்தைக்கென்று ஒரு பட்டு. மழைமாதங்களில் நாம் கீழாற்று மதகுகளை விட்டு நகர்வதில்லை என்பதால் மணத்துக்கு வர இயலவில்லையென்று வருந்தியிருந்தோம். நம் கழுத்து மாலையைக் கழற்றி உம் மகளுக்கு அனுப்பியிருந்தோம். பட்டைப் பிரித்தும் பார்த்தோம். சேற்றில் கிடந்தவர்களைப் போர்த்தத் துணி போதாமலிருந்தது. ஆகவே அது வீணாகவில்லை.

பதினைந்தாம் நாள் உம் மழையளப்பான் கண்டீரன் காட்டுவழியே நடந்து வந்து நம் வாயிலில் விழுந்தான். தன் இடுப்பு அரைஞாணை அவிழ்த்து நம் முன் வைத்தான். அதில் இருபத்து மூன்று முடிச்சுகள் இருந்தன. ஒன்பதுக்கு மேல் போடாதே என்று நீர் சொன்னபடி, ஓட்டருக்குக் கொடுத்த கயிற்றில் ஒன்பது போட்டானாம். ஆனால் நாற்பது ஆண்டுப் பழக்கத்தில், தொட்டியில் தண்ணீர் ஏற ஏறக் கை சும்மா இருக்க மறுத்து, அரைஞாணில் மெய்க்கணக்கைப் போட்டுக்கொண்டே வந்ததாம். பதினெட்டாம் கோட்டுக்கு மேல் தொட்டியில் கோடே இல்லை; விரலால் அளந்து ஐந்து முடிச்சு கூட்டியிருக்கிறான். பன்னிரண்டிலும் பதினைந்திலும் பதினெட்டிலும் உம் வாயிலுக்கு வந்து சொன்னதாகவும், மூன்றாம் முறை நீர் அவனை மணப்பந்தலுக்கு வெளியே நிறுத்தி, தந்தையின் கோட்டுக்கு மேல் கோடு வெட்டுவது மணநாளில் அபசகுனம் என்றும், இருபது முடிச்சைக் கண்டால் கீழ்நாட்டார் சிரிப்பார்கள் என்றும் கூறியதாகவும் உரைத்தான்.

மணப்பந்தல் எங்கே போட்டிருந்தீர் என்றும் கேட்டோம். மதகுக்குக் கீழே, புல்வெளியில் என்றான்.

குன்றேந்தி, பதினோராம் நாள் விடியலில் முகூர்த்தம் முடிந்தது. விருந்தினர் மேடேறினார்கள். பந்தலின் கால்களைக்கூடப் பிடுங்கி எடுத்துவிட்டீர்கள். பிறகு, கரை உடைந்துவிடும் என்ற அச்சத்தில், ஐந்து மதகுகளையும் ஒரேயடியாகத் திறந்தீர். பந்தற்கால்களுக்குக் கொடுத்த அவகாசம் தாழ்மதகூருக்குக் கிடைக்கவில்லை.

உம் விளக்க ஓலையும் வந்தது. தந்தையின் கோட்டைத் தாண்டிக் கோடு வெட்டக் கை வரவில்லை என்று அதில் உருகியிருக்கிறீர். தந்தையை இழுக்காதீர். அந்தக் கோடு மழைக்கு அவர் சூட்டிய முடியன்று. தம் உடைமையை விட்டுக்கொடுத்த நாளின் அடையாளம். இப்படியொரு மழை பெய்யும் என்று எவர் கண்டார் என்றும் எழுதியிருக்கிறீர். மழையை நாம் குறை கூறவில்லை. பனியும் வெயிலும் ஆலங்கட்டியும் நம்மை வருத்தின. அவற்றுள் ஒன்றும் நமக்குத் தம்பி அன்று. பகைவன் ஏமாற்றியிருந்தால் படை திரட்டியிருப்போம். நீர் ஏமாற்றினீர், படையை எங்கே திருப்புவது? மக்கள் கண்ணில் மண்ணைத் தூவியது உம் கை. தூவியதோ என் கையைக் கொண்டு. அதை நான் மன்னிக்கவில்லை.

உம்மைத் தலைமுழுகிவிடலாம் என்று அமைச்சர் இருவர் கூறினர். சிறையிடலாம் என்றார் ஒருவர். எளிது. ஆனால் நேற்று உம்மிடமிருந்து புதுக்கயிறு வந்திருக்கிறது. ஆறு முடிச்சு. மலை மறுபடி கறுத்திருக்கிறது. தாழ்மதகூரார் கோயில்மேட்டிலேயே இருக்கிறார்கள். மேட்டு நாற்றங்காலில் தப்பிய நாற்று ஒன்றுதான் இனி அவர்களுக்கு மிச்சம். பத்து நாளுக்குள் நடாவிட்டால் முற்றிப்போகும், வரும் தையில் கஞ்சிக்கும் வழியிராது. இறங்கி நடுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆறு என்பது ஆறுதானா? மெய்யாகவே இருக்கலாம். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் பார்த்திருந்தோம். ஏழு தலைமுறையில் ஓர் அரசி கயிற்றைச் சந்தேகித்தது இதுவே முதல் முறை. நீர் அழித்தது ஓர் ஊரை மட்டுமன்று.

ஆகவே கோயில்மேட்டுக்கு நாமே ஏறிச் சென்று, எது நடந்தால் மீண்டும் இறங்குவீர்கள் என்று கேட்டோம். ஆளாளுக்குக் கூச்சலிட்டார்கள், சில சொற்களை இவ்வோலையில் எழுத முடியாது. கடைசியில் நல்லங்கை கூறியதை எல்லோரும் ஒப்பினார்கள். அவள் கூறியதை அப்படியே நம் ஆணையாக்கினோம்.

கேளும். இவ்வோலை கிடைத்த ஏழாம் நாளுக்குள் நீர் மலையை விட்டு இறங்கித் தாழ்மதகூர் வந்து சேர வேண்டும். மதகடியில் காவலாள் குடிசை ஒன்று நிற்கிறது. வெள்ளம் அதன் நிலைப்படிக்கு மேல் ஒரு முழம் ஏறிய கறை சுவரில் இருக்கிறது. அழிக்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறோம். இம்மழை முடியும்வரையும், இனி நீர் உயிரோடிருக்கும் ஒவ்வொரு மழைமாதத்திலும், நீர் அக்குடிசையில் குடியிருக்க வேண்டும். உமக்குச் சோறு நல்லங்கையின் வீட்டிலிருந்து வரும். அவளாகவே சொன்னாள், நாம் கேட்கவில்லை.

கண்டீரன் தன் தொட்டிக்குத் திரும்புகிறான். தந்தையின் கோட்டுக்கு மேல் இருபத்து மூன்றாம் கோட்டை அவன் வெட்டுவான். அதைத் தடுப்பவர் எவராயினும் நம் பகைவர். மேலேரியின் ஐந்து மதகுகளும் இன்றுமுதல் உம் மகள் செங்கழுநீர் பொறுப்பு. கண்டீரன் முடியும் கயிற்றை அவளே எண்ணி, தன் கையால் முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். அவள் தவறு செய்தவள் அல்லள். தந்தை எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் அவள் அறிந்திருந்தால் போதும்.

உம் ஒன்பது முடிச்சுக் கயிற்றை இவ்வோலையோடு திருப்பியனுப்புகிறோம். விடுபட்ட பதினான்கு முடிச்சுகளையும் இழந்தவர்கள் போட்டார்கள். வீடுகள் முப்பத்தொன்று, முடிச்சுகள் பதினான்கே ஆதலால், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு முடிச்சைப் பிடித்தார்கள். ஒரு முடிச்சு மிகத் தளர்ந்திருக்கும். இறுக்கிவிட வேண்டாம்.

ஐப்பசி இருபதாம் நாள், அலைவாய்க்கோட்டையில், அரசி கொற்றவல்லியார் சொல்லச் சொல்ல, ஓலைநாயகம் விடங்கன் எழுத்து. அரக்கு இருந்த அறை நீரில் போயிற்று ஆதலால், ஆற்றுச்சேற்றில் கயல்முத்திரை பதித்தோம். காய்ந்து உதிர்ந்தாலும் ஆணை உதிராது. மலைக்கும் வெளிக்கும் கடலுக்கும் நன்மை உண்டாகுக.

தம்பி, வரும்போது கயிறு எதுவும் கொண்டுவர வேண்டாம். நீ இருக்கும் குடிசைக்கே அது நாளும் வரும். எத்தனை முடிச்சு என்று எங்களோடு சேர்ந்து நீயும் எண்ணு.