செல்லியம்மன் கோயில் ஈயக்கல்லை அகற்றக் கோரி

அனுப்புநர்:
பத்மினி, க/பெ சம்பத்,
மொட்டகல்பள்ளி, குப்பம் மண்டலம்,
சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: கோயிலில் உள்ள தாதுக்கல்லை வரும் வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துச் செல்லவும், பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் குப்பத்தில் கிரானைட் பாலிஷ் பட்டறைக்குக் கூலிக்குப் போகிறவள். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. தமிழில் எழுதியதற்காக இந்த மனுவை ஒதுக்கிவிட வேண்டாம்.

2. என் மூத்த மகள் கல்பனாவுக்கு வயது ஆறு. வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, வலிப்பும் வருகிறது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். ஊரில் இன்னும் பல பிள்ளைகள் இப்படியே கிடக்கிறார்கள். பழைய பேட்டரி உருக்கும் கொட்டகைதான் காரணம் என்று ஊரே திரண்டு அதிகாரிகளை வரவழைத்து அதை மூட வைத்தது. மூடி ஒரு வருடம் ஆகியும் பிள்ளைகள் தேறவில்லை. புதிதாகவும் நோயில் விழுகிறார்கள்.

3. ஈயம், துத்தநாகம் தேடி எங்கள் மேட்டில் துளை போட்ட கம்பெனிக்காரர்கள், எடுத்த உருளைக் கற்களைப் பெட்டி பெட்டியாக அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். ரோடு அகலப்படுத்தியபோது எங்கள் செல்லியம்மன் கல் உடைந்துபோனது. பெட்டியில் கிடந்த ஒரு கல் வழவழவென்று, வெள்ளிபோல மின்னிக்கொண்டு, உருட்டிச் செய்தாற்போல் இருந்தது. தாயே வந்துவிட்டாள் என்று அதையே நட்டுக் கும்பிட்டோம். வெள்ளிதோறும் தயிரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி அபிஷேகம் செய்து, வழிந்ததைப் பிள்ளைகளுக்குத் தீர்த்தமாகக் கொடுத்து வருகிறார்கள். நோய் கண்ட பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். கல்பனாவுக்குக் கிண்ணம் நிறையக் கொடுத்தார்கள். ஐயோ, நான்தான் பிடித்து வைத்துக் குடிக்கச் செய்தேன்.

4. பூமிக்குள் இந்தத் தாது எப்படி உண்டானது என்று ஆராய ஸ்வர்ணலதா என்ற மாணவி வந்தார். கல்லில் உள்ள கந்தக ஐசோடோப்புகளை அளந்தால், அந்தக் கந்தகம் பழங்கடலிலிருந்து வந்ததா, ஆழத்துப் பாறைக்குழம்பிலிருந்து வந்ததா என்று தெரியுமாம். ஈயத்திலும் எடை வேறுபட்ட அணுக்கள் உண்டு. அவை கலந்திருக்கும் விகிதம் தாதுவுக்குத் தாது மாறும். உருக்கினாலும், உடம்புக்குள் போனாலும் மாறாது. கோயில் கல் இருந்த அதே பெட்டியில் மீந்த துண்டு, கொட்டகை மண், கல்பனாவின் ரத்தம் மூன்றையும் அவர் ஒப்பிட்டார். ரத்தத்தில் இருந்தது கொட்டகை ஈயம் இல்லை, கல்லின் ஈயம். தயிர், எலுமிச்சையின் புளிப்பில் அது கரைந்து தீர்த்தத்தில் இறங்குகிறதாம். அறிக்கையை இணைத்துள்ளேன்.

5. பூசாரி ரங்கையா எனக்குச் சின்ன மாமனார். கெட்டவர் அல்ல. அவர் பேத்தியும் படுக்கையில்தான் கிடக்கிறாள். ஆனால் கல்லால்தான் நோய் என்று நான் சொன்னதும், "தாயி மேலயே பழி போட்றியாம்மா? அவதான் இத்தினி புள்ளைங்களையும் காப்பாத்திக்கினு கீறா" என்று அழுதுவிட்டார். என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. இரண்டு அலுவலகங்களுக்குப் போனேன். சாமி விஷயத்தில் கைவைக்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். கொட்டகைக்காரனை விரட்ட வந்தவர்களுக்கு ஒரு கல்லைத் தூக்கத் தைரியம் இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

6. நான் சாமி இல்லை என்று சொல்லவில்லை. எங்களுக்கு வேறு கல் நட்டுக் கொடுங்கள், நானே முதலில் விழுந்து கும்பிடுகிறேன். ஈயக்கல்லையும் மேட்டில் கிடக்கும் பெட்டிகளையும் தங்கள் உத்தரவின் பேரில் எடுத்துச் செல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தம் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும்.

7. எனக்கு இரண்டாவதும் பெண். மூன்று மாதக் குழந்தை. வரும் ஆடி வெள்ளி அவளுக்குப் பெயர் வைக்கிறார்கள். அந்தத் தீர்த்தத்தை நாக்கில் விட்டுத்தான் பெயர் சொல்வார்கள். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றால், கல்பனாவை யாரிடம் விடுவேன்? அன்று என் கையிலிருந்து குழந்தையை வாங்க ஊரே நிற்கும் ஐயா. தடுக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இடம்: மொட்டகல்பள்ளி
நாள்: 21.07.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ச. பத்மினி